கொல்லையில் நின்ற கறிவேப்பிலை மாதிரி மரம்: ஐநேச்சுரலிஸ்ட் செயலி பற்றி

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம், சில்வர்கிளென்னில் நாங்கள் வீடு வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. பின்வேலிக்கு அந்தப் பக்கம் சில்வர்கிளென் இயற்கைக் காப்பகம். அங்கே இருக்கும் பறவைகளுக்கு எங்கள் வேலி ஒரு திண்ணை. உட்கார்ந்து எழுந்து போகும்போது எதையாவது விதைத்துவிட்டுப் போகும். அப்படி வந்ததுதான் இந்த மரமும் என்று இப்போது தெரிகிறது. வந்த புதிதில் தெரியவில்லை. மூலையில் என் உயரத்துக்கு இரண்டு மடங்கு உயரத்தில், மெல்லிய அடிமரத்தோடு, கறிவேப்பிலையைப் பிய்த்து வைத்தது மாதிரி இலையோடு ஒன்று நின்றது.

அது என்ன மரம் என்று தெரிந்தே ஆக வேண்டிய காரணம் ஒன்று இருந்தது. இந்த நாட்டில் 2014இலிருந்து இருக்கும் விதிப்படி, அரசு பட்டியலிட்டிருக்கும் ஊடுருவும் அயல் செடிகள் நிலத்தில் இருந்தால் வீட்டை விற்கிறவர் ஒப்பந்தத்துக்கு முன்பே அதை எழுத்தில் வாங்குகிறவருக்குத் தெரிவிக்க வேண்டும். எங்களுக்கு வந்த காகிதத்தில் இரண்டு பெயர் இருந்தது. ஒன்று உண்ணிச்செடி. இன்னொன்று பக்வீட், நம் சுண்டைக்காய்க்குச் சொந்தக்காரச் செடி. அதன் தாவரவியல் பெயரில் மொரிஷியஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் அது பிறந்த மண் தென் அமெரிக்கா. அந்த இரண்டையும் பிடுங்கிப் போட்டோம். இந்த மரம் மட்டும் காகிதத்தில் இல்லை. வேலி மாற்ற வந்தவர், "இதுவும் களைதான் அம்மா, 1,800 ரேண்ட் கொடுங்கள், வேரோடு எடுத்துவிடுகிறேன்" என்றார். என் மருமகளோ, "அத்தை, இது கறிவேப்பிலைதானே, எதற்குக் காசு கொடுத்து வெட்ட வேண்டும்?" என்றாள்.

நான் நாற்பது வருஷமாக ஊறுகாய் போட்டு விற்கிறவள். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கறிவேப்பிலைக் கட்டை எடுத்துப் பார்க்காமலே, காலையில் பறித்ததா நேற்று பறித்ததா என்று வாசத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். இந்த இலையைக் கசக்கினேன். முதலில் சோம்பு மாதிரி லேசாக ஓர் இனிப்பு வந்தது. அடுத்த நொடி குதிரைக் கொட்டிலுக்குள் தலையை நீட்டியது மாதிரி இருந்தது. கையைக் கழுவின பிறகும் போகவில்லை. இதை எண்ணெயில் போட்டால் தாளிப்பு என்ன ஆகும் என்று நினைத்தபோதே வயிற்றைப் புரட்டியது.

மருமகள் விடவில்லை. தன் போனில் இருந்த ஒரு செயலியில் படம் பிடித்துக் காட்டினாள். வாராவாரம் பணம் எடுக்கும் செயலி அது, பெயர் வேண்டாம். மூன்று நொடியில் பதில் வந்தது: கறிவேப்பிலை, 97 விழுக்காடு. கீழே பெரிய எழுத்தில் "சமையலுக்கு ஏற்றது" என்று ஒரு பச்சைப் பட்டை. எனக்குக் கோபம் வந்தது இந்தப் பட்டையைப் பார்த்துத்தான். ஒரு செயலி மரத்தின் பெயரைத் தப்பாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே ஓர் இலைப் படத்தை வைத்துக்கொண்டு, மோந்து பார்க்க மூக்கு இல்லாத ஒன்று, "சாப்பிடு" என்று வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது வேறு விஷயம். அன்றைக்கே அந்தச் சந்தாவை நிறுத்தச் சொன்னேன்.

அப்புறம் என் சித்தப்பா மகன் வந்தபோது ஐநேச்சுரலிஸ்ட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்தான். இந்த மதிப்புரை அதைப் பற்றித்தான்.

2008இல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் தங்கள் முதுநிலைப் படிப்புக்காகச் செய்த வேலையாகத் தொடங்கியது இது. 2023இலிருந்து தனி அறநிறுவனமாக, லாபம் பார்க்காமல் நடக்கிறது. பணம் கேட்காது, விளம்பரம் காட்டாது. எங்கே எப்போது எதைப் பார்த்தோம் என்று படத்தோடு ஒரு பதிவு போட வேண்டும். முதலில் இயந்திரம் ஓர் ஊகம் சொல்லும். அதற்குப் பிறகு உலகத்தில் எங்கேயோ இருக்கும் மனிதர்கள், நம் ஊரில் இருப்பவர்களும்தான், அந்தப் பதிவைப் பார்த்து "இது இன்னது" என்று எழுதுவார்கள்.

ஜூன் மாதம், பூ இல்லாத காலத்தில் என் முதல் பதிவு. இலை மட்டும், மூன்று படம். இயந்திரம் எந்த மரத்தின் பெயரையும் அடித்துச் சொல்லவில்லை. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் மட்டும் உறுதி என்று சொல்லி, கீழே நாலைந்து பெயர்களை "இவற்றில் ஒன்றாக இருக்கலாம்" என்று வைத்தது. அந்த வரிசையில் கறிவேப்பிலையும் இருந்தது, நான் கேள்விப்படாத இன்னும் சிலவும் இருந்தன. மருமகளுக்கு இது குறையாகப் பட்டது. "பணம் கட்டிய செயலி தெளிவாகச் சொன்னதே" என்றாள். எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே இதைப் பிடித்துப்போனது. தெரிந்த இடம் வரை வந்து நிற்கிறது. அந்த இடத்துக்கு மேல் போக உன்னிடமிருந்து இன்னும் வேண்டும் என்கிறது. நல்ல வைத்தியரும் அப்படித்தான், நாடி பிடித்த கையோடு மருந்து எழுதிவிட மாட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒருவர் எழுதினார். மூன்றே வரி. இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு சிற்றிலையும் ஈர்க்கில் ஒட்டும் இடத்தை நெருக்கத்தில் எடுங்கள். பூத்தால் இதழை எண்ணுங்கள். யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று வரியில் ஒரு வருஷப் பாடம் இருந்தது.

வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். இலை முழுக்க ஊசியால் குத்தியது மாதிரி வெளிச்சப் புள்ளிகள். அவை எண்ணெய்ப் பைகள். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் உண்டு. வாசம் அடைபட்டிருப்பது அதில்தான். இத்தனை வருஷம் கறிவேப்பிலையை உருவிப் போட்டிருக்கிறேன், ஒரு நாளும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை. தொட்டியில் இருக்கும் என் கறிவேப்பிலையிலிருந்து ஓர் இணுக்கை ஒடித்து இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். வேலியோர மரத்தின் சிற்றிலை அடியில் கோணலாக இருந்தது, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. நடுநரம்பு இலையைச் சமமாகப் பிரிக்கவில்லை. கறிவேப்பிலையில் அந்தக் கோணல் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. படங்களைச் சேர்த்தேன். பிறகு காத்திருந்தேன்.

செப்டம்பரில் இரண்டு நடந்தது. முதலில் புழு. பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் ஒட்டிக்கொண்டிருந்தது, தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டியது. இந்தப் புழு எனக்குப் பழைய பகையாளி. என் எலுமிச்சையையும் கறிவேப்பிலைத் தொட்டியையும் வருஷா வருஷம் மொட்டை அடிப்பது இதுதான். பெரிதானால் பச்சையாகிவிடும், பிறகு கறுப்பில் மஞ்சள் திட்டுகளோடு பெரிய பட்டாம்பூச்சியாகப் பறக்கும். இங்கே அதற்குச் சிட்ரஸ் ஸ்வாலோடெயில் என்று பெயர். அது முட்டையிடுவது எலுமிச்சைக் குடும்பத்து இலைகளைத் தேடிப் பிடித்து. ஆக, இயந்திரம் ஜூனில் சொன்ன குடும்பம் சரி என்று ஒரு பூச்சி வந்து கையெழுத்துப் போட்டது. அதையும் தனிப் பதிவாகப் போட்டேன். சில மணி நேரத்தில் பெயர் உறுதியானது.

பிறகு பூ வந்தது. மங்கலான வெள்ளையில், சின்னச் சின்னதாக, கொத்துக் கொத்தாக. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். நான்கு இதழ். இன்னொரு பூவில் எண்ணினேன். நான்கு. பத்துப் பூ எண்ணினேன். எல்லாம் நான்கு. என் தொட்டிக் கறிவேப்பிலை நவம்பரில் பூத்தபோது அதையும் எண்ணிப் பார்த்தேன். ஐந்து. இவ்வளவு எளிதான வித்தியாசம். சமையலறை வாசலில் நின்று ஒரு குழந்தை எண்ணிச் சொல்லக்கூடியது.

பூவின் படம் போட்ட மறுநாளே அதே ஆள் பெயரை எழுதினார்: க்ளாஸினா அனிசேட்டா. வேறு இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். பதிவின் ஓரத்தில் பச்சையில் "ஆராய்ச்சித் தரம்" என்று வந்தது. கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னால்தான் அந்த அடையாளம் கிடைக்கும். அது கிடைத்த பதிவுகளை ஆராய்ச்சிக்காரர்களும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

அந்த மரத்தின் பக்கத்துக்குப் போய்ப் பெயர்களைப் படித்தேன். ஆங்கிலத்தில் ஹார்ஸ்வுட், குதிரைக் கட்டை. ஆஃப்ரிகான்ஸில் பெர்டெபிஸ், குதிரை மூத்திரம். நான் கசக்கின அன்றைக்குச் சொன்ன அதே கொட்டில்! ஜூலு மொழியில் உம்நுகம்பீபா. நுகா என்றால் நாறுவது, இம்பீபா என்றால் முதுகில் கோடு போட்ட வயல் எலி. மூன்று மொழிக்காரர்களும் மூக்கை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். படத்தில் வராத அந்த ஒன்றை வைத்து.

மாதம் இருமுறை புல் வெட்ட வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் பாபா என்று கூப்பிடுவோம். அவரிடம் உம்நுகம்பீபா என்று நான் படித்தபடி சொன்னேன். உச்சரிப்பைத் திருத்தினார். பிறகு மரத்துக்குப் போய் இலையைக் கிள்ளி முகர்ந்து, ஆமாம் என்றார். அவர் ஊர்ப் பக்கம் இதை மருந்துக்கு எடுப்பார்களாம். இரண்டு வருஷமாக அந்த மரத்தைச் சுற்றித்தான் அவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது வேலை முடித்துத் தேநீர் குடிக்கும் நேரத்தில் அவரோடு கொல்லையை ஒரு சுற்று வருகிறேன். இதுவரை ஏழு செடிக்கு ஜூலு பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

கறிவேப்பிலையின் பக்கத்தையும் அப்படியே படித்தேன். அதற்கு இப்போது பெர்கெரா கேனிகி என்று பெயர். முர்ராயா என்று பழக்கத்தில் இருப்பதும் அதே மரம்தான். கேனிகி என்பது யோஹான் கேனிக் என்பவரின் பெயர். டேனிஷ்காரர்கள் கையில் இருந்த காலத்துத் தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்து செடிகளைச் சேகரித்தவர். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஒப்பந்தக் கூலிகளோடு மதராஸிலிருந்து முதல் கப்பல் ட்ரூரோ 1860 நவம்பர் 16ஆம் தேதி இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. எங்கள் ஆட்கள் அதற்கு எவ்வளவோ வருஷம் பின்னால் வந்தவர்கள். கொள்ளுப்பாட்டன் ஊர் மாயவரம் பக்கம், கடல் கூப்பிடு தூரம் என்று என் ஆயா சொல்வார்கள். அந்தக் கடற்கரைதான் தரங்கம்பாடி. என் கையில் தினமும் புரளும் இலையின் பெயருக்குள் அந்த ஊர் இருந்திருக்கிறது.

சரி, செயலிக்கு வருகிறேன். போட்டுப் பார்க்க நினைப்பவர்கள் சிலதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

இலை மட்டும் அனுப்பினால் பாதிப் பதில்தான் கிடைக்கும், அது யார் குற்றமும் இல்லை. முழு மரம், அடிமரப் பட்டை, இலையின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா மாறி மாறியா என்று தெரியும்படி ஒரு கிளை, பூ, காய். அளவு தெரிய ஒரு 5 ரேண்ட் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஒரே மரத்தின் எல்லாப் படத்தையும் ஒரே பதிவில் போட வேண்டும், தனித்தனியாகப் போட்டால் யாருக்கும் பயனில்லை. வாசம், பால் வடிகிறதா, முள் உண்டா, இதையெல்லாம் குறிப்பில் எழுதுங்கள். நான் "கசக்கினால் சோம்பு, பிறகு குதிரைக் கொட்டில்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். பெயர் சொன்னவர் அந்த வரியை எடுத்துக் காட்டி, தன் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது என்றார்.

நீங்களே நட்டதென்றால் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்திவிடுங்கள். என் தொட்டிக் கறிவேப்பிலையை அப்படித்தான் போட்டேன். தானாக வளர்ந்ததையும் நட்டதையும் கலந்துவிட்டால், எந்த மரம் எங்கே இயற்கையாக இருக்கிறது என்ற கணக்கே கெட்டுப்போகும்.

வீட்டுக் கொல்லையைப் பதிவு செய்கிறவர்கள், பெண்கள் முக்கியமாக, இடத்தை "மறைத்து" வைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்தால் வரைபடத்தில் சரியான புள்ளி தெரியாது, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கேயோ என்று மட்டும் காட்டும். அழியும் நிலையில் உள்ள செடிகளுக்குச் செயலியே இதைச் செய்துவிடுகிறது. இந்த நாட்டில் அது எவ்வளவு தேவை என்பது, பார்க்கப் பனை மாதிரி இருக்கும் சைகாட் மரங்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்குப் புரியும். டர்பன் தாவரவியல் பூங்காவில் நிற்கும் உட்ஸ் சைகாட்டை எல்லோரும் பள்ளிக்கூடத்து நாளில் பார்த்திருப்போம். 1895இல் ஓங்கோயே காட்டில் ஜான் மெட்லி உட் கண்டெடுத்த இனம், ஆண் மரம் மட்டும்தான் கிடைத்தது, பெண் மரம் இன்றுவரை கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட குடும்பத்து மரங்களைக் காட்டிலிருந்து தோண்டித் திருடி விற்கிறார்கள். இடம் வெளியே தெரிந்தால் அவ்வளவுதான்.

காத்திருக்க மனம் வேண்டும். யாரும் சம்பளம் வாங்கிக்கொண்டு பதில் எழுதுவதில்லை. வேலி கட்டுகிறவர் நாளைக்கே வருகிறார், இன்றைக்கே பதில் வேண்டும் என்றால் இது சரிப்படாது. நான் வேலி வேலையையே பல மாதம் தள்ளிப்போட்டேன். பெயர்கள் லத்தீனிலும் ஆங்கிலத்திலும்தான் பெரும்பாலும் வரும். நம் பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கு எளிது. டேட்டா செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் மரத்தடியில் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் வைஃபை இருக்கும்போது ஏற்றலாம். லோட் ஷெடிங் நாட்களில் நான் அப்படித்தான் செய்தேன்.

சாப்பிடலாமா என்ற கேள்விக்கு இதில் பதில் தேடாதீர்கள். அது இதன் வேலை இல்லை, இதுவும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. பெயர் உறுதியானது ஒரு படி. வாயில் வைப்பதற்கு முன்னால், அதைச் சாப்பிட்டுப் பழகிய மனிதர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கருத்துக்காக ப்ளான்ட்நெட் என்ற செயலியிலும் பூவின் படத்தைப் போட்டுப் பார்த்தேன். பிரான்ஸின் ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து நடத்துவது, அதுவும் இலவசம். இது இலையா, பூவா, காயா, பட்டையா என்று படத்துக்குப் படம் கேட்கும். வேகமாக வேண்டும் என்பவர்களுக்கு அது வசதி. பேரனுக்கு ஐநேச்சுரலிஸ்ட்காரர்களே குழந்தைகளுக்காகச் செய்திருக்கும் சீக் என்ற செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதில் கணக்குத் திறக்க வேண்டாம், படம் வெளியே போகாது. ஆனால் சந்தேகம் உள்ள ஒரு மரத்தோடு மூன்று மாதம் உட்கார எனக்கு உதவியது ஐநேச்சுரலிஸ்ட்தான். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன், அந்த மூன்று வரி எழுதிய முகம் தெரியாத மனிதருக்காகவும் சேர்த்து.

வேலிக்காரர் டிசம்பரில் திரும்பி வந்தார். இந்த மண்ணின் சொந்த மரம், வெட்ட வேண்டாம் என்று போனில் இருந்த பக்கத்தைக் காட்டினேன். வேலியை அந்த மூலையில் ஓர் அடி உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுத்தார், கூலி கூடக் கேட்கவில்லை. ஜனவரியில் காய்கள் சிவந்து கறுத்தன. புல்புல் குருவிகள் விடிவதற்குள் வந்துவிடுகின்றன. காயையும் படம் எடுத்து அதே பதிவில் சேர்த்திருக்கிறேன். மருமகள் தாளிப்புக்குத் தொட்டியில்தான் பறிக்கிறாள். பறிக்கும் முன் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துகொள்கிறாள்.